சீடர் பாயின்ட், ஜியாகா லேக்: ஒன்று நிலைத்தது, ஒன்று போனது

இரண்டும் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ஏரிக்கரையில் பிறந்த கேளிக்கைப் பூங்காக்கள். இரண்டுக்கும் 19ஆம் நூற்றாண்டில்தான் தொடக்கம்.

சீடர் பாயின்ட் 1870இல் ஈரி ஏரிக்குள் நீளும் ஒரு நிலமுனையில் குளியல் கடற்கரையாகத் தொடங்கியது. முதல் ரோலர் கோஸ்டர் 1892இல் வந்தது. 1897இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் போக்லிங்தான் அதைப் பெரிய உல்லாசத்தலமாக்கினார். 1905இல் திறந்த பிரேக்கர்ஸ் ஹோட்டல் இன்றும் மணலை ஒட்டியே நிற்கிறது. அப்புறம் உயரத்தில் போட்டி: 1989இல் மேக்னம் கோஸ்டர் 205 அடி, 2000இல் மில்லேனியம் ஃபோர்ஸ் கோஸ்டர் 310 அடி.

ஜியாகா லேக் சிறியது, அடக்கமானது. 1925இல் கட்டிய 'பிக் டிப்பர்' என்ற மரக் கோஸ்டர்தான் அதன் அடையாளம். 1970இல் எதிர்க்கரையில் சீ வேர்ல்டு என்ற கடல்வாழ் உயிரினப் பூங்கா வந்தது. 2000இல் ஜியாகா லேக்குக்குச் சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற கேளிக்கைப் பூங்கா நிறுவனத்தின் பெயர் ஏறியது. மறு ஆண்டே இரு கரையும் ஒரே பூங்காவாயின. வளர்ச்சி அவசர கதியில் நடந்தது. 2004இல் அதை வாங்கியது யார்? சீடர் பாயின்டை நடத்திய அதே சீடர் ஃபேர் நிறுவனம். 2007 சீசனோடு சவாரிகளை மூடிவிட்டு, 'டாமினேட்டர்' கோஸ்டரை வர்ஜீனியாவுக்குக் கொண்டுபோனார்கள்.

போவதானால் சீடர் பாயின்ட்தான், வேறு வழியில்லை. ஆனால் என் மனம் ஜியாகா பக்கம்தான். பிக் டிப்பரையாவது காப்பாற்றியிருக்கலாம். ஒன்பது ஆண்டுகள் ஓடாமல் நின்ற அதை 2016இல் இடித்தார்கள்.