மருத்துவமாது, காத்திருப்பு இல்லம், ரொக்க உதவி: பேறுகாலப் பராமரிப்புக்கு மூன்று வழிகள்

பிரசவத்துக்குப் பின் கட்டுக்கடங்காமல் ரத்தம் போகத் தொடங்கினால், அதுவரை நல்ல உடல்நிலையில் இருந்த பெண்கூட இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துவிடக்கூடும். வளரும் நாடுகளின் பேறுகாலத் திட்டங்களை ஒப்பிடும்போது இந்த இரண்டு மணி நேரத்தையே அளவுகோலாகக் கொள்வது பொருத்தமாக இருக்கும். உயிரைப் பறிக்கும் தாமதங்களை 1994ஆம் ஆண்டு தாடியஸ், மெய்ன் என்னும் இரு ஆய்வாளர்கள் மூன்றாகப் பகுத்தார்கள். மருத்துவமனைக்குப் போவதென்று வீட்டில் முடிவெடுக்க ஆகும் தாமதம் முதலாவது. வழியில் ஆகும் தாமதம் இரண்டாவது. போய்ச் சேர்ந்த பிறகும் சிகிச்சை தொடங்க ஆகும் தாமதம் மூன்றாவது. இலங்கையும் எத்தியோப்பியாவும் இந்தியாவும் இவற்றுள் வெவ்வேறு தாமதத்தைக் குறிவைத்தன.

இலங்கை 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தன் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கியது. அங்கிருந்து வளர்ந்த ஏற்பாட்டில், ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் பொதுச் சுகாதார மருத்துவமாது, அதாவது பேறுகாலப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற பணிப்பெண், ஒருவர் தன் பகுதியிலேயே பணியாற்றுகிறார். அவருடைய வேலை கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்குவதில்லை. திருமணமாகி வந்த பெண்ணின் பெயர் அவரிடமுள்ள தம்பதியர் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. கருத்தடை, பிள்ளைகளுக்கிடையே இடைவெளி, ரத்தசோகை எல்லாம் அந்தப் பதிவேட்டின் வழியாகவே பேசப்படுகின்றன. ஆகவே எட்டாம் மாதத்தில் கால் வீங்கி, தலைவலி என்று ஒரு பெண் சொல்லும்போது, அதைக் கேட்பவர் அவளை முன்பே அறிந்தவராகவும், இது வலிப்பில் போய் முடியலாம் என்று தெரிந்தவராகவும் இருக்கிறார். முடிவெடுக்கும் தாமதம் அங்கேயே பாதி குறைந்துவிடுகிறது. 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேல் இருந்த தாய்மார் இறப்பு இன்று 30ஐ ஒட்டி நிற்கிறது.

இந்தப் பெருமை முழுவதையும் மருத்துவமாதுவுக்கே கொடுத்துவிடவும் கூடாது. மலேரியாக் கட்டுப்பாடு, பெண் கல்வி, காசு வாங்காத மருத்துவமனைகள், ஒவ்வொரு தாயின் இறப்பையும் விசாரித்துக் காரணம் தேடும் நடைமுறை ஆகியவை அவருக்குப் பின்னால் நின்றன. இன்று அங்கே ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. வீட்டில் பிரசவம் பார்க்கும் வேலை மருத்துவமாதுவுக்கு அநேகமாக இல்லாமலே போயிற்று.

இதே வழியை எத்தியோப்பியாவும் முயன்று பார்த்தது. 2003இல் தொடங்கிய திட்டத்தின்படி, சுமார் 5,000 பேர் கொண்ட ஒவ்வொரு சிற்றூர் வட்டத்துக்கும் ஓராண்டுப் பயிற்சி பெற்ற இரண்டு சுகாதாரப் பணிப்பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். தடுப்பூசிக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் இது கைகொடுத்தது. ஆனால் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், சுகாதார நிலையங்களில் நடந்த பிரசவங்கள் பத்தில் ஒன்றுதான். மலைச்சரிவுகளில் கட்டிலைத் தோளில் சுமந்து ஆண்கள் மணிக்கணக்கில் நடக்க வேண்டிய ஊரில், வீட்டுக்கு வந்து அறிவுரை சொல்பவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் பாதையைச் சுருக்கிவிட முடியாது.

அங்கே பொருந்துவது காத்திருப்பு இல்லம். நாள் நெருங்கும்போதே பெண் வந்து, மருத்துவமனையின் வளாகத்தில் தங்கிக்கொள்கிறாள். வீட்டு வாழ்க்கையின் சாயல் இருந்தால்தான் பெண்கள் தங்குவார்கள் என்பதால், பல இல்லங்களில் காப்பிக் கொட்டையை வறுத்து, இடித்து, சுற்றி உட்கார்ந்து குடிக்கும் அந்த நாட்டு வழக்கத்துக்கும் இடம் உண்டு. இதை அலங்காரம் என்று ஒதுக்கும் நிர்வாகி இல்லத்தைக் காலியாகத்தான் பார்ப்பார். குராகே பகுதியின் அட்டாட் மருத்துவமனையில் 22 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இல்லத்தில் தங்கிப் பெற்றவர்களிடையே இறப்பு லட்சத்துக்கு 90 அளவிலும், நேரே வந்தவர்களிடையே 1,300ஐத் தாண்டியும் இருந்தது. இந்த இடைவெளியை அப்படியே நம்பிவிட வேண்டாம். நேரே வந்தவர்களில் பலர் வீட்டில் முயன்று தோற்று, உயிர் ஊசலாடும் நிலையில் தூக்கி வரப்பட்டவர்கள். அப்படியே கழித்துப் பார்த்தாலும் இல்லத்தின் பயன் மிஞ்சத்தான் செய்யும் என்பது என் கருத்து. இதன் உண்மையான குறை வேறொன்று: மூன்று வாரம் அம்மா இல்லாத வீட்டில் மூத்த பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்ற கேள்விக்குத் திட்டத்தில் பதில் இல்லை.

இந்தியா 2005இல் ஜனனி சுரக்ஷா திட்டத்தின் மூலம் ரொக்கத்தைத் தேர்ந்தது. பின்தங்கிய மாநிலங்களின் கிராமப்புறத் தாய்க்கு 1,400 ரூபாய். அவரை அழைத்து வரும் ஆஷா என்னும் ஊர்ச் சுகாதாரப் பணியாளருக்கும் ஊக்கத்தொகை உண்டு. மூன்று வழிகளில் மிக விரைவாகப் பலன் காட்டியது இதுதான். 2005-06இல் சுமார் 39 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவம் பத்தே ஆண்டுகளில் 79 சதவீதமானது. ஆனால் வாசல்வரை கொண்டுவந்த பணத்துக்கு உள்ளே நடப்பதில் பொறுப்பில்லை. இரவு இரண்டு மணிக்குச் செவிலியர் இருக்கிறாரா, ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் மருந்து குளிர்ப்பெட்டியில் கெடாமல் இருக்கிறதா, ரத்தம் கிடைக்குமா என்பவை மூன்றாம் தாமதத்தின் கேள்விகள். 2018-20 காலத்தில் ஒரு லட்சம் பிறப்புக்குத் தாய்மார் இறப்பு அசாமில் 195, தமிழகத்தில் 54, கேரளத்தில் 19. அசாம் முழு ரொக்கம் பெற்ற மாநிலம். கேரளம் குறைந்த தொகைப் பட்டியலில் இருந்தது. தமிழகம் 1987 முதல் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உதவி வழங்கிவந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைவைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கச் செய்ததற்கும், தாயின் இறப்புகளைத் தணிக்கை செய்ததற்கும்தான் நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

ஆகவே கொஞ்சமே நிதியுள்ள ஒரு மாவட்டத்துக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் இரவிலும் சிசேரியன் செய்யக்கூடிய, ரத்தம் இருப்பில் உள்ள ஒரு மருத்துவமனை; அடுத்து ஆபத்தை முன்பே அறிந்து அங்கே அனுப்பும் மருத்துவமாது; வாகனம் போக முடியாத மலையூர்களுக்கு மட்டும் காத்திருப்பு இல்லம். ரொக்கத்தைக் கடைசியில் வைக்கிறேன், அதையும் இல்லத்தில் தங்கும் பெண்ணின் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கோ அத்தைக்கோ கொடுப்பதாக இருந்தால் மட்டுமே.