ஒரே பெயரில் இரண்டு ரிப்: ஏலக்காய்க் கடையில் ஓட்டிப் பார்த்தது

குமுளியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் கடைக்கு நெட்வொர்க், கம்ப்யூட்டர் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். அங்கே ரிப் என்ற பெயரில் இரண்டு பேர் வேலைக்கு இருந்தார்கள். மூத்தவர் 1988-இல் ஆர்.எஃப்.சி. 1058 என்ற இணைய விதி ஆவணமாக எழுதி வைக்கப்பட்ட ரவுட்டிங் புரோட்டோகால், அதாவது எந்த வழியாகத் தகவலை அனுப்புவது என்று ரவுட்டர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் முறை. இளையவர், கோப்பை ஒரேயடியாக அழிக்கும் ஆர்.எம். கட்டளைக்குப் பதிலாக ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதிய, கோப்பு அழிக்கும் கருவி. உறவு ஏதும் இல்லை. ஆனால் செத்ததை உடனே கைவிடாத குணம் இரண்டுக்கும் உண்டு.

மூத்தவரை அமைப்பது சுலபம். குமுளி, கம்பம், போடி மூன்று ரவுட்டரிலும் நாலைந்து வரி, டீ ஆறுவதற்குள் முடிந்தது. 15 தாவலுக்கு (ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) மேல் போகாது என்பது எங்களுக்குப் பொருட்டே இல்லை. வினை வேறு இடத்தில் இருந்தது. ஆடிக் காற்றில் மரம் விழுந்து குமுளி–போடி ஃபைபர் அறுந்தது. ஃபைபரை ரவுட்டரின் கேபிளோடு சேர்க்கும் மீடியா கன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால், லைன் போனது ரவுட்டருக்குத் தெரியவில்லை. 30 நொடிக்கொரு தடவை வரும் சேதிக்காக 180 நொடி காத்திருந்து, அப்புறம்தான் அந்தப் பாதைக்கு 16 என்று எழுதியது. 16 என்றால் எட்டாத தூரம். அதுவரை போடிக்குச் சுற்றிப் போகும் கம்பம் வழியைச் சீந்தவில்லை. முதலாளி ஏலத்தில் உட்கார்ந்து குமுளி இருப்பைக் கேட்கிறார், கணக்கோ போடி சர்வரில். "தம்பி, லாட்டு கைவிட்டுப் போகுதுய்யா!"

இளையவர் கோப்பை அழிக்காமல் 'கல்லறை'க்கு நகர்த்துவார். 'யூ' சுவிட்ச் போட்டால் கடைசியாகப் போனது எழுந்து வரும். கணக்குப் பார்க்கும் அக்காவின் ஜூலை பில்களை ஒருநாள் தவறுதலாகத் தூக்கிவிட்டேன். சரி, மீட்கலாம் என்று டெர்மினலைத் திறப்பதற்குள் கரண்ட் போனது. யு.பி.எஸ். பேட்டரியோ எப்போதோ மண்டையைப் போட்டிருந்தது. நான் எதையும் மாற்றாததால் கல்லறை, தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டரில் இருந்தது. மெஷின் திரும்ப எழுந்தபோது அது காலி. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கிரேவ்யார்ட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் (நிரல்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு அமைப்பு மதிப்பு) ஹோம் ஃபோல்டருக்குள் ஓர் இடம் காட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். இப்போது காட்டியிருக்கிறேன். வேறு டிஸ்க்கில் உள்ள சிசிடிவி பதிவுகளை அழிக்க மட்டும் இது ஆகாது, கல்லறை இருக்கும் டிஸ்க்குக்கு முழுசாக நகல் எடுத்து முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும்.

மூத்தவருக்கு ஓய்வு கொடுத்து ஓ.எஸ்.பி.எஃப். என்ற வேறு ரவுட்டிங் புரோட்டோகாலைப் போட்டுவிட்டேன், அதே மாதிரி அறுந்தாலும் 40 நொடியில் கம்பம் வழிக்குத் திரும்புகிறது. இளையவர் தொடர்கிறார். மாதக் கடைசியில் 'டி' சுவிட்ச் போட்டுக் கல்லறையைக் காலி செய்கிறேன், அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு.