மருதமுனை மூலிகைச் சாயச் சாறம்: கரப்பன்காரர் வாங்கலாமா?

கரப்பன் உள்ளவர்களுக்குத் தெரியும், மட்டக்களப்பில் கச்சான் என்கிற வறண்ட வெக்கைக் காற்று தொடங்கிவிட்டால் எந்த உடுப்பையும் உடம்பில் வைத்திருக்க முடியாது. மருதமுனையில் மூலிகைச் சாயம் போட்ட கைத்தறிச் சாறமும் சேர்ட்டும் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கல்முனைக்குப் போகிற வழியில் இறங்கினேன். பெயர்ப் பலகைகூட இல்லாத வீடு. முன் அறையில் விற்பனை, பின்னால் தறி, முற்றத்தில் சாயப் பானை.

கடுக்காய், மஞ்சள், மாதுளந்தோல், அவுரி, அப்புறம் பலா வைரத்தூள், பிக்குமாரின் காவிக்கு முன்பு போட்டார்களே அதே சாயம். பளிச்சென்ற நிறம் எதுவும் கிடைக்காது. நீலச் சாறத்தில் ஈர வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்து, ஒட்டிய நீலத்தை விற்கிறவரே காட்டினார். "அவுரி கொஞ்ச நாளைக்கு விடும் தம்பி, வெள்ளை உடுப்போட ஊறப் போட்டுராதீங்க." இப்படிச் சொல்லி விற்கிறவரை நம்பலாம்.

தோல் வருத்தம் உள்ளவர்கள் இலை எது, பட்டை எது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், சாயம் பிடிக்க என்ன உப்புப் போடுகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். பருத்தியில் செடிச் சாயம் இலேசில் ஒட்டாது, அதனால் கடுக்காய்த் தண்ணீரில் ஊற வைத்து, படிகாரம் போட்டுத்தான் பிடிக்க வைப்பார்கள். இவர் படிகாரக் கட்டியையே எடுத்துக் காட்டினார், கறுப்புக்கு மட்டும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு என்றார். சிலர் சாயம் பிடிக்கக் குரோமியம் உப்பைப் பயன்படுத்துவதுண்டு. அதுதான் வில்லங்கம், சிமெந்து வேலை செய்கிறவர்களின் கை வெடித்துப் புண்ணாவதற்கும் அந்தக் குரோமியம்தான் ஒரு முக்கிய காரணம். சாயம் மூலிகையாக இருந்தாலும் உப்பு அதுவானால் பயனில்லை.

சாறம் அருமை. கஞ்சி இல்லை, இடுப்பில் உறுத்துகிற பட்டி இல்லை, வியர்வை சட்டென்று காய்ந்துவிடுகிறது. இரவில் சொறிவது குறைந்தது உண்மை, ஆனால் அதற்கான பெயரை மூலிகைக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. பொலியஸ்டர் துணிக்குப் போடுகிற டிஸ்பர்ஸ் சாயங்களில் சில, முக்கியமாக நீலம் 106, 124 இரண்டும், தோல் அலர்ஜிக்குப் பேர்போனவை. அந்தப் பொலியஸ்டரை உடம்பிலிருந்து கழற்றிவிட்டு மெல்லிய பருத்தியைத் தளர்வாக உடுத்தாலே பாதிச் சுகம். சொரியாசிஸ் அடியோடு மாறும் என்று இணையத்தில் ஒருவர் இதே மாதிரித் துணியை விற்கிறார், அதை நம்பி டொக்டர் தந்த கிறீமை நிறுத்திவிடாதீர்கள்.

மஞ்சள் சேர்ட்டை மட்டும் எடுக்க வேண்டாம் என்பேன். சவர்க்காரம் பட்ட இடமெல்லாம் குபீரென்று சிவந்துபோனது, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது போலத்தான், காரம் பட்டால் நிறம் மாறும். அலசினால் திரும்பி வருகிறது, சரி, ஆனால் வெயிலில் காயப் போட்டுப் போட்டு இப்போது பழைய கடதாசி நிறம். பலாச் சாயத்துக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை.

விலை சாதாரணக் கைத்தறிச் சாறத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஒன்று வாங்கி உடுத்துப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள். பிள்ளைகளுக்கான அளவு சொன்னால் தைத்துத் தருகிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.