மூன்று வருஷமாக மக்காச்சோளம் தின்கிறேன்

பென்னாகரம் பக்கம் எங்கள் வீட்டில் ராத்திரி என்றால் ராகிக் களிதான். நடுவில் அது சோறாக மாறியது. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டதும், "ராத்திரிச் சோற்றைக் குறைங்க" என்றார் மருத்துவர். கொல்லையில் விளைந்த மக்காச்சோளம் இரண்டு மூட்டை வீட்டில் கிடந்தது. சரி, இதையே தின்று பார்ப்போம் என்று இறங்கினேன். நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குப் போகிற சரக்கு அது. "கோழிக்குப் போடறத நீ திங்கறியா கண்ணு?" என்றார் அம்மா.

முதல் சறுக்கல் மாவில்தான். நைஸாக அரைத்துக் களி கிண்டினேன். ராகி மாதிரி உருண்டை பிடிக்கவில்லை, ஆறியதும் வெடித்துக்கொண்டது. ருசியைக்கூட விடுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுச் சர்க்கரை மீட்டரில் பார்த்தால் 190! மாவு எவ்வளவு நைஸோ அவ்வளவு சீக்கிரம் சர்க்கரை ஏறும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் குருணையாக உடைத்து, நாலு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் வேகவைத்து, ஒரே ஒரு கிண்ணம் தட்டைப்பயறுக் குழம்போடு சாப்பிட்டேன். மீட்டர் 150-க்குள் நின்றது.

பயறு சேர்ப்பது ருசிக்காக மட்டுமல்ல. மக்காச்சோளப் புரதத்தில் லைசின், டிரிப்டோபான் என்கிற இரண்டு அமினோ அமிலங்களும் குறைவு. லைசின் குறையைப் பருப்பு, பயறு வகைகள் ஈடுகட்டும். மக்காச்சோளத்தில் இருக்கிற நியாசின் என்கிற பி3 சத்தும் நாரோடு பிணைந்து கிடப்பதால் உடம்பில் சரியாகச் சேராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்பகுதி ஏழைகள் இதையே பெரும்பாலும் தின்று, பி3 குறைவால் வருகிற பெல்லாக்ரா நோயில் விழுந்தார்கள். மெக்சிகோக்காரர்கள் காலங்காலமாகச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்தப் பிணைப்பு விட்டுவிடும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மலச்சிக்கல் போயே போச்சு. ஆனால் மேல்தோல் செரிக்காது, மறுநாள் காலையில் அது உங்களுக்கே தெரியும். வாயு ஒரு மாசம் படுத்தியது. மஞ்சள் நிறத்துக்குக் காரணமான லூட்டீனும் சியாசாந்தினும் விழித்திரைக்கு நல்லவை. என் கண்ணாடி பவர் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

நான் செய்த பெரிய முட்டாள்தனம், முதல் வருஷம் ராகியை அறவே விட்டது. 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து சுமார் 340 மில்லிகிராம். மக்காச்சோளத்தில் 10 இருந்தாலே அதிகம். அம்மா சொன்னதில் பாதி நியாயம் இருந்தது.

போன மழைக்கு ஒரு மூட்டை ஈரம் குடித்துப் பூசணம் பூத்துவிட்டது. கழுவிக் காயவைத்தால் போதும் என்றார்கள். பூசணத்தில் உண்டாகிற அஃப்ளாடாக்சின் என்கிற நச்சு ஈரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. கோழிக்குக்கூடப் போடாமல் குழி தோண்டிப் புதைத்தேன்.

ஒகேனக்கல் போகிற வழியில் சுட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தேய்த்துத் தருகிற கதிரை விட மனசில்லை, ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். டப்பாவில் வருகிற கார்ன்ஃப்ளேக்ஸ் பக்கம் போவதில்லை, அது என் மாவுக் களியைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றியது. இப்போது வாரத்தில் இரண்டு ராத்திரி குருணை, மற்ற நாளெல்லாம் களியும் கீரைக் கடைசலும்.