வேதியியல் திருப்புதல்: சூத்திரத் தாளா, வருவித்தலா, கணக்கா?

பள்ளி வேதியியலைத் திருப்பிப் பார்க்கும்போது மாணவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். சூத்திரங்களை எல்லாம் ஒரே தாளில் எழுதி மனப்பாடம் செய்வது ஒன்று. ஒவ்வொன்றையும் அடிப்படையிலிருந்து வருவித்துப் பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, நிறையக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பது. என் ஓட்டு வருவித்தலுக்கு. ஆனால் அது எல்லாப் பாடத்துக்கும் உதவாது.

சூத்திரத் தாளின் பலம் வேகம். மொத்தப் பாடத்தையும் சில நிமிடங்களில் கண்ணால் ஓட்டிவிடலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சூத்திரம் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதைத் தாள் சொல்வதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் செறிவு லிட்டருக்கு 0.01 மோல் என்றால் பி.எச். மதிப்பு (ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கை, எதிர்க்குறியோடு; 7-க்கு மேல் போனால் காரம்) 2. சரி. அதே சூத்திரத்தில் 10⁻⁸ மோல் என்று போட்டால் 8 என்று விடை வரும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றினால் கரைசல் காரமாகிவிடுமா? தண்ணீரே 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 10⁻⁷ மோல் ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது. அமிலம் தருவதைவிட அது பத்து மடங்கு. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை சுமார் 6.98. தாளை மட்டும் நம்பியவருக்கு இந்த இடத்தில் சந்தேகமே வராது.

22.4 லிட்டர் கதையும் இதுதான். ஒரு மோல் வாயுவின் கன அளவு என்று பலரும் அதை நிபந்தனை இல்லாமல் மனதில் பதித்துவிடுகிறார்கள். அது 0 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கான எண். 25 டிகிரியில் சுமார் 24.5 லிட்டர். 1982-க்குப் பிறகு சர்வதேச வரையறை திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றிவிட்டது; அதன்படி 0 டிகிரியில் 22.7 லிட்டர்.

வருவித்துப் படிப்பவருக்கு மனப்பாடச் சுமை பெரிதும் குறைகிறது. நல்லியல்பு வாயுச் சமன்பாடு (PV = nRT) ஒன்று தெரிந்தால் போதும்: வெப்பநிலை மாறாவிட்டால் பாயில் விதி, அழுத்தம் மாறாவிட்டால் சார்லஸ் விதி. மோல் எண்ணிக்கைக்குப் பதிலாக நிறையை மோலார் நிறையால் வகுத்துப் போட்டால், அடர்த்தியிலிருந்து மோலார் நிறை காணும் சூத்திரமும் கையில் வந்துவிடும். முதல் வகை வினையின் (வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பது) அரை வாழ் காலத்தில் வரும் 0.693 எங்கிருந்து வந்தது? செறிவு பாதியாவதால் வரும் 2-இன் இயல் மடக்கை அது. இதை ஒரு முறை எழுதிப் பார்த்தவர் வேகம் செறிவைப் பொறுத்திராத பூஜ்ய வகை வினையில் அதைப் போய் ஒட்டமாட்டார். அங்கே அரை வாழ் காலம் தொடக்கச் செறிவைப் பொறுத்தது.

இதோடு அலகுகளையும் எழுதும் பழக்கம் சேர்ந்தால் பாதித் தவறுகள் தாமாக மாட்டிக்கொள்ளும். வாயு மாறிலி ஜூலில் 8.314, லிட்டர்-வளிமண்டலத்தில் 0.0821. மாற்றிப் போட்டால் விடை சுமார் 101 மடங்கு பிசகும். கிப்ஸ் கட்டிலா ஆற்றல் சூத்திரத்தில் (ΔG = ΔH − TΔS) என்தால்பி பெரும்பாலும் கிலோஜூலில் இருக்கும், என்ட்ரோபி ஜூலில் இருக்கும். கவனிக்காவிட்டால் ஆயிரம் மடங்கு பிழை. பனிக்கட்டி உருகுவதை எடுத்துக்கொள்ளுங்கள்: என்தால்பி மாற்றம் மோலுக்கு 6.01 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு 22.0 ஜூல். பனியும் நீரும் சமநிலையில் இருக்கும்போது ΔG பூஜ்யம்; அதனால் 6010-ஐ 22-ஆல் வகுத்தால் வெப்பநிலை வரும்: 273 கெல்வின். பனி உருகும் அதே வெப்பநிலை! எனக்கு வேதியியலில் மிகவும் பிடித்த கணக்குகளில் இது ஒன்று. சூத்திரம் உண்மையான உலகத்தைத் தொடுவது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் குரோமியம், தாமிரத்தின் எலக்ட்ரான் அமைப்பையோ, பொட்டாசியம் சுடரில் வெளிர் ஊதா தருவதையோ, சல்பேட், நைட்ரேட் அயனிகளின் மின்சுமையையோ உட்கார்ந்து வருவிக்க வேண்டியதில்லை. இவற்றுக்குச் சின்ன அட்டைகளும் மனப்பாடமும் போதும்.

கணக்கு போடுவது நமக்குத் தெரியாததைக் காட்டிக்கொடுக்கும் வழி. 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் எவ்வளவு நீர் கிடைக்கும்? அவசரப்பட்டால் 36 கிராம் என்று சொல்லத் தோன்றும். மொத்தமே 20 கிராம்தான் இருக்கிறது! ஆக்சிஜன் அரை மோல், அதுதான் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்துபோவது. நீர் 18 கிராம், மிச்சம் ஹைட்ரஜன் 2 கிராம். இந்தத் தடுமாற்றத்தைத் தாள் வெளியே கொண்டுவராது. ஒரே பாடத்தின் கணக்குகளை வரிசையாகப் போட்டால் மட்டும் இந்த வழி ஏமாற்றிவிடும். எந்தச் சூத்திரம் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறதே. பாடங்களைக் கலந்து போட வேண்டும்.

தேர்வுக்கு முந்தைய நாள் மட்டும்தான் மிச்சம் என்றால், அப்போது தாளுக்கே வாருங்கள். ஆனால் அடுத்தவர் எழுதியதை வாங்கிப் படிக்காதீர்கள். வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதி, அப்புறம் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு சூத்திரத்தின் பக்கத்திலும் அது செல்லும் நிபந்தனையை எழுதுங்கள்: மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின் 0.0591-க்குப் பக்கத்தில் ‘25 டிகிரியில் மட்டும்’ என்று.