நாலறை வீட்டுக்கு சப்வூஃபர்: செகண்ட் ஹேண்ட் ரெல் டி/5எக்ஸ் எப்படி இருக்கு

600 வெள்ளிக்குள்ள, பாட்டு கேக்கறதுக்குன்னே ஒரு சப்வூஃபர் (அடி பேஸ் சத்தத்துக்குன்னே இருக்கற ஸ்பீக்கர் பெட்டி), அதுவும் சிங்கப்பூர் ஹெச்டிபி அடுக்குமாடி வீட்டுக்கு. இந்தக் கணக்குல தேடுறவங்க புதுசா ஒரு பெரிய 12 இஞ்ச் பெட்டிக்குப் போறதுக்கு முன்னாடி, பழைய சாமான் விக்கற கேரோசல் ஆப்ல நல்ல கண்டிஷன்ல ரெல் கம்பெனியோட டி/5எக்ஸ் வருதான்னு பாருங்க, நான் அப்படித்தான் வாங்கினேன், ரொம்ப சந்தோஷமா இருக்கேன்.

பேப்பர்ல பாத்தா சின்னதாத்தான் தெரியும். கீழ்ப்பக்கம் பாத்த ஒரு 8 இஞ்ச் டிரைவர் (சத்தம் எழுப்புற கூம்பு), போர்ட்னு சொல்ற காத்து ஓட்டை இல்லாத சீல்டு பெட்டி, 125 வாட். படத்துல குண்டு வெடிச்சா சோபா அதிரணும்னு நினைக்கறவங்களுக்கு இது இல்ல, இந்த 8 இஞ்சால 20 ஹெர்ட்ஸ் மாதிரி ரொம்ப ஆழமான பேஸ் எல்லாம் தள்ள முடியாது. ஆனா பாட்டுக்கு அவ்வளவு ஆழம் எதுக்கு? பேஸ் கிட்டாரோட கடைசி கம்பியே 41 ஹெர்ட்ஸ்தான். என்னோட புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் 5 இஞ்ச், 60க்குக் கீழ அதுக்கு மூச்சு வாங்கும், அந்த இடைவெளிய மட்டும் நிரப்புனா போதும். இப்போ எண்பதுகள் பாட்டுல பாடுறவருக்கு அடியில தனியா ஒரு மெட்டு ஓடும்ல, அதுல விரல் ஒவ்வொரு நோட்டுக்கும் நகர்றது தெரியுது. மிருதங்கத்துல தொப்பி அடிச்சா அடிச்சதும் நிக்குது, இழுத்துக்கிட்டு போகல. ஆடியோ கடைகள் இருக்கற அடெல்ஃபி மால்ல போய் ஒரு மத்தியானம் பெரிய போர்ட்டட் பெட்டியும் கேட்டேன், சத்தம் பிரமாதம், ஆனா எனக்கு அது பாட்டுக்குப் பின்னால தனியா ஒண்ணு உறுமுற மாதிரி இருந்துச்சு.

இன்னொரு பெரிய காரணம் கனெக்‌ஷன். பழைய ஆம்ப்ளிஃபயர்ல பெரும்பாலும் சப் அவுட் (சப்வூஃபர் மாட்ட தனி சாக்கெட்) இருக்காது, என்னோடதுலயும் இல்ல. ரெல்ல ஹை லெவல் இன்புட் இருக்கு, ஸ்பீக்கர் வயர் மாட்டுற அதே இடத்துலயே மாட்டிக்கலாம்: சிவப்பு வலது பிளஸ்ல, மஞ்சள் இடது பிளஸ்ல, கறுப்பு ஏதோ ஒரு மைனஸ்ல. ஆம்ப் பிரிட்ஜ்டா இருந்தா, அதாவது மைனஸ்லயும் சிக்னல் வர்ற வகைன்னா மட்டும் கறுப்ப மைனஸ்ல போடாதீங்க, சேசிஸ் கிரவுண்டுல (ஆம்ப் பெட்டியோட உலோக உடம்புல) போடணும், எதுக்கும் ஆம்ப் மேனுவலப் பாத்துட்டு மாட்டுங்க.

எங்க வைக்கறதுங்கறதுதான் பாதி வேலை. 40 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் எட்டரை மீட்டர் வரும், நம்ம ஹால் அவ்வளவு நீளம் கிடையாது, அதனால ஒரு இடத்துல பேஸ் குவியும் ஒரு இடத்துல காணாமப் போகும். சப்ப நீங்க உக்கார்ற சோபா மேல வச்சு ஒரு பேஸ் பாட்ட ஓட விட்டு, சுவரோரமா தவழ்ந்து போய் எங்க தெளிவா கேக்குதோ அங்க வைங்க. எங்க வீட்டுல பாம் ஷெல்டர் (வீட்டுக்குள்ள இருக்கற கான்கிரீட் பாதுகாப்பு அறை) மூலையில வச்சா ஒரே கும்முனு ஆயிடுச்சு, அங்கிருந்து ஒரு முழம் தள்ளி டிவி கன்சோல் பக்கத்துல வச்சதும் சரியாச்சு. கிராஸ்ஓவர, அதாவது சப் எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழ பாடணும்னு சொல்ற திருகை, எல்லாரும் சொல்ற 80ல வைக்காதீங்க, இந்த முறையில மெயின் ஸ்பீக்கர் முழுசா பாடிக்கிட்டு இருக்கு, அது எங்க விடுதோ அங்க இருந்து சப் எடுத்தா போதும். வால்யூம் எவ்வளவுன்னா, சப்ப ஆஃப் பண்ணாத்தான் அது இருந்ததே தெரியணும்.

கீழ் வீட்டுக்காரங்கள நினைச்சுப் பாக்கணும். டிரைவர் தரையப் பாத்து இருக்கறதால அடியில ஃபோம் பேட் போட்டிருக்கேன், அதிர்வு கொஞ்சம் குறையும், ஆனா காத்துல போற பேஸ அது நிறுத்தாது. ராத்திரி அமைதி நேரம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நான் சப்ப அணைச்சிடுவேன், தூங்குற குழந்தைய எழுப்பி ஒரு பாட்டு கேக்க வேணாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனா பின்னாடி 230 வோல்ட்னு போட்டிருக்கான்னு பாருங்க, 110 வோல்ட் பெட்டி இங்க நேரா சொருக முடியாது. பாட்டு இல்லாம ஆன் பண்ணி காது கிட்ட வச்சு ஹம் வருதான்னு கேளுங்க, அப்புறம் பேஸ் அதிகமா இருக்கற பாட்டப் போட்டு டிரைவர் கரகரன்னு உரசுதான்னு பாருங்க. ஹை லெவல் இன்புட்டுக்கு மாட்டுற அந்த நீளமான ஸ்பீக்கான் கேபிளும் சேர்ந்து வருதான்னு முதல்லயே கேட்டுடுங்க, இல்லன்னா விலையக் குறைச்சுக் கேளுங்க.