கிள்ளினால் சிக்கும் தொப்பையும் சிக்காத தொப்பையும்

வேட்டி மடிப்புக்கு மேல் பிதுங்கி, இரண்டு விரலால் கிள்ளினால் கையோடு வரும் சதை தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. இன்னொரு ரகம் உண்டு. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் பானை போல் விறைத்து நிற்கும், கிள்ளவே வராது. அங்கே கொழுப்பு குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

ரத்த அழுத்தம் ஏறும் என்று அதிகம் பயப்பட வேண்டியது இரண்டாவது ரகத்துக்குத்தான். உள்கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. ரத்தக் குழாயைச் சுருக்கும் ஹார்மோன்களுக்கான மூலப்பொருளையும் கொழுப்புத் திசு சுரக்கிறது. சிறுநீரகத்தைச் சுற்றிப் படியும் கொழுப்பு அதை அழுத்த, உப்பு வெளியேறாமல் உடம்பில் தங்கி அழுத்தம் ஏறுகிறது.

முதல் ரகம் முழு அப்பாவி இல்லை, ஆனால் வீரியம் குறைவு. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பருமனான பெண்களின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பை லைப்போசக்ஷனில் கிலோ கணக்கில் உறிஞ்சி எடுத்தார்கள். இடுப்பு இளைத்தது, ரத்த அழுத்தம் அசையவில்லை. காசு கொடுத்துக் கொழுப்பெடுக்க நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நடையும் சாப்பாட்டுக் குறைப்பும் உள்கொழுப்பையும் கரைக்கும்.

எடை மெஷின் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. உள்கொழுப்பை ஓரளவு ஊகிக்கத் தையல்காரர் டேப் போதும்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக்கூடாது! தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தாண்டினால் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.